கவர்னர் யாருக்குப் பதில் சொன்னார்? ஆங்கிலேய ஆட்சி பற்றி ஓர் எளிய விளக்கம்

பள்ளிப் பாடத்தில் ஆங்கிலேய கவர்னர்கள் ஒரு பட்டியலாக வருவார்கள். ஒருபக்கம் பெயர், எதிரே ஆண்டு, பக்கத்தில் இரண்டு வரிச் சாதனை. கார்ன்வாலிஸ் என்றால் நிரந்தர நிலவரித் திட்டம், பெண்டிங்க் என்றால் சதி (உடன்கட்டை ஏறுதல்) ஒழிப்பு, டல்ஹவுசி என்றால் ரயில். பரீட்சை எழுத இது போதும். ஆனால் ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த ஒருவர் ஐந்து வருடம் இங்கே உட்கார்ந்து கோடிக்கணக்கான மக்களை எப்படி ஆண்டார் என்பது அந்தப் பட்டியலிலிருந்து புரியாது.

புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும் என்று நினைக்கிறேன். இந்த மனிதர் தவறு செய்தால் அவரை யார் கேள்வி கேட்க முடியும்? 1640 முதல் 1947 வரை எந்தக் காலகட்டத்தை எடுத்தாலும் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். சட்டங்கள் மாறும், பதவிப் பெயர்கள் மாறும், விடை மட்டும் பெரும்பாலும் லண்டனிலேயே போய் நிற்கும்.

முதலில் பதவிகளைப் பிரித்துக்கொள்வோம், ஏனென்றால் புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவது இங்கேதான். கவர்னர் என்பவர் ஒரு மாகாணத்தின் தலைவர். மதராஸ், பம்பாய், வங்காளம் ஆகிய மூன்றும் பழைய மாகாணங்கள். இவற்றை ராஜதானி என்றும் சொல்வார்கள். இவற்றுக்கெல்லாம் மேலே கல்கத்தாவில் இருந்தவர் கவர்னர் ஜெனரல். 1858-க்குப் பிறகு அவரே அரசியின் பிரதிநிதி என்ற முறையில் வைஸ்ராய் என்றும் அழைக்கப்பட்டார். பஞ்சாப் போன்ற புதிய பகுதிகளுக்கு லெப்டினன்ட் கவர்னர்கள். இவர்கள் பெரும்பாலும் இந்தியாவிலேயே சிவில் சர்வீஸில் வேலை பார்த்து உயர்ந்தவர்கள். மதராஸ், பம்பாய் கவர்னர்கள் அப்படியல்ல. அவர்கள் பிரிட்டனிலிருந்தே நேராக நியமிக்கப்பட்டவர்கள், அநேகமாகப் பிரபுக்கள் அல்லது அரசியல்வாதிகள். வைஸ்ராயைத் தாண்டி லண்டனுக்கு நேரடியாகக் கடிதம் எழுதும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது.

மதராஸ் என்றால் இன்றைய தமிழ்நாடு மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். வடக்கே இன்றைய ஒடிசாவில் இருக்கும் கஞ்சம், தெற்கே திருநெல்வேலி, மேற்கே மலபார், தென் கன்னடம் எல்லாம் அதற்குள் அடக்கம். 1901 கணக்கெடுப்பில் இங்கிருந்தவர்கள் ஏறக்குறைய 3 கோடியே 80 லட்சம் பேர். இத்தனை பேரையும் ஆண்ட கவர்னர்களில் பலர், கப்பலை விட்டு இறங்கும்வரை இந்தியாவைப் பார்த்ததே இல்லை. டெனிசன் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸை ஆண்டுவிட்டு இங்கே வந்தார். நேப்பியர் ரஷ்யாவில் தூதராக இருந்தவர். லாலி தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலிலிருந்து வந்தார். பேரரசு ஒரே அலுவலகமாக இருந்தது. ஆட்களை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றினார்கள்.

கடை நடத்த வந்தவர்கள்

ஆரம்பத்தில் கவர்னர் என்பவர் ஒரு வியாபாரக் கம்பெனியின் கிளைத் தலைவர், அவ்வளவுதான். 1639-இல் மதராசப்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு துண்டு நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிருந்த நாயக்கத் தலைவர்களிடம் பெற்றது. மறு வருடம் செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழத் தொடங்கியது. துணி வாங்குவது, கிடங்கில் சேர்ப்பது, கப்பலில் ஏற்றுவது, கோட்டைக்குள் இருந்த வெள்ளையர்களையும் வெளியே குடியேறிய நெசவாளர், வணிகர்களையும் மேய்ப்பது, இவைதான் வேலை.

சம்பளம் குறைவு. ஆனால் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்துகொள்ள வழி இருந்தது. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை இங்கே கவர்னராக இருந்தார். பெரும் பணம் சேர்த்தார். முறைகேட்டுப் புகார்களால் பதவி போனது. பிறகு அவர் அனுப்பிய பொருள்களை விற்ற பணத்துக்கு நன்றியாகத்தான் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் பெயர் வைத்தார்கள், அதுவே இன்றைய யேல் பல்கலைக்கழகம். அவருக்குச் சில வருடங்கள் கழித்து வந்த தாமஸ் பிட், மதராஸில் ஒரு பெரிய வைரத்தை 20,400 பவுண்டுக்கு வாங்கினார். 1717-இல் அது பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு 1,35,000 பவுண்டுக்குப் போனது. அந்தக் குடும்பத்தின் அரசியல் வாழ்வுக்கு அந்தப் பணமும் ஓர் அடித்தளம். அவருடைய பேரனும் கொள்ளுப்பேரனும் பிரிட்டனின் பிரதமர்கள் ஆனார்கள்.

அப்போது கவர்னர் பதில் சொன்னது கம்பெனியின் இயக்குநர்களுக்கு. அவர்கள் கேட்டது லாபக் கணக்கு. ஒரு கடிதம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி லண்டன் போய்ச் சேர ஆறு மாதம், பதில் வர இன்னொரு ஆறு மாதம். ஆகவே அந்தக் கட்டுப்பாடும் காகிதத்தில்தான் இருந்தது.

சபையே கவர்னரைக் கைது செய்த கதை

கவர்னர் தனியாக முடிவெடுக்கவில்லை. அவருடன் ஒரு சபை இருந்தது. சபை என்றவுடன் மக்கள் மன்றம் என்று நினைக்க வேண்டாம். மூத்த கம்பெனி அதிகாரிகள் சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஓட்டுப் போடுவார்கள். அவர்களுக்குச் சொந்த லாப நட்டங்கள் இருந்தன. இந்த ஏற்பாடு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு மதராஸிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பாடப் புத்தகங்களில் இதற்கு இடம் கிடைக்காதது எனக்கு எப்போதும் வருத்தம்.

ஆற்காடு நவாப் முகமது அலி கம்பெனியின் நண்பர், கூடவே கம்பெனி ஊழியர்களிடம் தனிப்பட்ட முறையில் கந்து வட்டிக்குக் கடன் வாங்கியவர். 1773-இல் கம்பெனிப் படையின் உதவியோடு அவர் தஞ்சாவூரைப் பிடித்தார். தஞ்சையின் நெல் வருமானத்தைக் கடன்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர். தஞ்சை வருவாயிலிருந்து தனக்கு 2 லட்சம் பவுண்டுக்கு மேல் வரவேண்டும் என்றார் அவர்.

லண்டன் இயக்குநர்கள் தஞ்சையை ராஜா துளஜாவிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அதை நிறைவேற்ற 1775-இல் கவர்னராக வந்தவர் ஜார்ஜ் பிகட். 1776-இல் ராஜாவை மறுபடியும் அரியணையில் அமர்த்தினார். அப்படியானால் பென்ஃபீல்டின் கடன் என்ன ஆவது? சபையில் பெரும்பான்மையினர் கடன்காரர்கள் பக்கம் சாய்ந்தார்கள். சண்டை முற்றி, 1776 ஆகஸ்டில் தங்கள் கவர்னரையே அவர்கள் கைது செய்து காவலில் வைத்தார்கள். அவரைத் திரும்பப் பதவியில் அமர்த்தும்படி லண்டனில் உத்தரவு போட்டார்கள். அது வந்து சேர்வதற்குள், 1777 மே மாதம், பிகட் காவலிலேயே இறந்துபோனார். பின்னாளில் சபை உறுப்பினர்கள் நால்வருக்கு லண்டன் நீதிமன்றம் தலா 1,000 பவுண்டு அபராதம் போட்டது. அவர்கள் சேர்த்திருந்த பணத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

இந்தச் சண்டையில் இரு தரப்பும் பேசியது தஞ்சையின் நெல்லைப் பற்றி. அந்த நெல்லை விளைவித்த குடியானவர்களைக் கேட்க ஓர் இடமும் இல்லை. அவர்கள் அந்த மேசைக்கு அருகில்கூட வரவில்லை.

லண்டன் கயிற்றை இறுக்குகிறது

வங்காளத்தில் நிலைமை இன்னும் மோசம். 1757-இல் பிளாசியில் வென்ற பிறகு ராபர்ட் கிளைவ் அங்கே கவர்னரானார். 1765-இல் முகலாயப் பேரரசரிடமிருந்து வரி வசூலிக்கும் திவானி உரிமையைக் கம்பெனி பெற்றது. வசூல் கம்பெனி கையில், மக்களைக் காக்கும் பொறுப்பு நவாப் தலையில். 1770-இல் பஞ்சம் வந்தது. வங்காளத்து மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டதாக அப்போதே மதிப்பிட்டார்கள். கம்பெனியோ நிலவரி வசூலில் கண்டிப்பைக் குறைக்கவில்லை.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் உள்ளே வந்தது இதன் பிறகுதான். மக்கள் செத்தார்கள் என்பதைவிட, கம்பெனி கடனில் மூழ்கி அரசிடம் கையேந்தி நின்றது என்பதே உடனடிக் காரணம். 1773 ஒழுங்குமுறைச் சட்டம் வங்காள கவர்னரைக் கவர்னர் ஜெனரல் ஆக்கியது. வாரன் ஹேஸ்டிங்ஸ் அந்தப் பதவியின் முதல் ஆள். வருடத்துக்கு 25,000 பவுண்டு சம்பளம், கூடவே நான்கு பேர் கொண்ட சபை. பெரும்பான்மை ஓட்டுக்கு அவர் கட்டுப்பட வேண்டும். அந்தச் சபையில் இருந்த பிலிப் பிரான்சிஸோடு பகை வளர்ந்து, 1780-இல் இருவரும் துப்பாக்கி ஏந்தி நேருக்கு நேர் சுட்டுக்கொண்டார்கள். 1784-இல் பிரதமர் பிட் (தாமஸ் பிட்டின் கொள்ளுப்பேரன்) கொண்டுவந்த சட்டம் லண்டனில் ஒரு கட்டுப்பாட்டு வாரியத்தை வைத்துக் கம்பெனியை அரசின் கண்காணிப்பில் கொண்டுவந்தது. 1786-இல் இன்னொரு சட்டம், வேண்டுமானால் சபையை மீறிச் செயல்படலாம் என்று கவர்னர் ஜெனரலுக்கு அதிகாரம் கொடுத்தது. கார்ன்வாலிஸ் அந்த அதிகாரத்தோடுதான் வந்தார்.

ஹேஸ்டிங்ஸ் ஊர் திரும்பியதும் அவர்மீது பிரபுக்கள் சபையில் விசாரணை நடந்தது. 1788-இல் தொடங்கி 1795-இல் முடிந்தது. குற்றம் சாட்டிய நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் இந்தியர்களுக்காக உருக்கமாகப் பேசினார். அந்தப் பேச்சில் நேர்மை இருந்தது என்றே நம்புகிறேன். ஆனால் முடிவில் ஹேஸ்டிங்ஸ் விடுதலை. பாதிக்கப்பட்டவர்கள் இங்கே இருக்க, குற்றம் சாட்டியவரும் நீதி சொன்னவரும் அங்கேயே இருந்தார்கள்.

ஊரில் மக்கள் கண்ட ஆட்சி

சரி, ஒரு சாதாரணக் குடியானவருக்கு கவர்னர் எப்படித் தெரிந்திருப்பார்? அநேகமாகத் தெரிந்தே இருக்காது. அவர் கண்டது ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம், வரி வசூலிக்கும் மணியக்காரர், அதற்கு மேலே தாசில்தார், வருடத்துக்கு ஒருமுறை ஜமாபந்திக்கு முகாம் போடும் கலெக்டர் துரை. கலெக்டர் கையில் வரி மட்டுமல்ல, மாஜிஸ்திரேட் அதிகாரமும் இருந்தது. புகார் கொடுக்கப் போனால், வரி வசூலித்தவரே விசாரிப்பவராகவும் உட்கார்ந்திருப்பார். அந்தக் கலெக்டருக்கு மேலே வருவாய் வாரியம், அதற்கும் மேலே கோட்டையில் கவர்னரும் அவர் சபையும்.

மதராஸில் இந்த அமைப்புக்கு உருக்கொடுத்தவர் தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை கவர்னர். மற்ற பலரைப் போலன்றி, அவர் இளம் வயதிலேயே படைவீரராக இங்கே வந்து, பாரமகால் பகுதியிலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) பிற மாவட்டங்களிலும் வருடக்கணக்கில் சுற்றியவர். ஜமீன்தாரை நடுவில் வைக்காமல், பயிரிடுபவரிடமே நேராக வரி நிர்ணயிக்கும் ரயத்துவாரி முறை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. உயர்ந்த பதவிகளை இந்தியர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று அவர் வாதாடினார். அதுவும் எந்தக் காலத்தில்? 1793 சட்டத்துக்குப் பிறகு, நல்ல சம்பளமுள்ள பதவிகள் எல்லாம் வெள்ளையருக்கே என்று இருந்த காலத்தில். பட்டிக்கொண்டாவில் காலராவில் அவர் இறந்தபோது மக்கள் உண்மையாகவே துக்கப்பட்டார்கள்.

ஆனால் அவர் முறையில் வரியின் அளவு கடுமையாகவே இருந்தது. ஆரம்பகால நிர்ணயம் மகசூலில் பாதிக்கு அருகே போனது. வரியைக் குறைக்க வேண்டும் என்று அவரே எழுதியும் முழுப் பலன் கிடைக்கவில்லை. மழை பொய்த்த வருடத்திலும் கிஸ்தி கட்டியாக வேண்டும். கட்டாதவரிடம் எப்படி வாங்குவது?

அதற்கான விடை 1855-இல் அரசின் சொந்த அறிக்கையிலேயே அச்சானது. மதராஸ் மாகாணத்தில் வரி வசூலுக்காகவும் காவல் விசாரணையிலும் சித்திரவதை வழக்கமாக நடக்கிறது என்று அந்த விசாரணைக் குழு ஒப்புக்கொண்டது. விரல்களை மரக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெருக்கும் கிட்டி, தலையைக் குனியவைத்துக் கால் விரலோடு கட்டி வெயிலில் நிறுத்துவது எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. இதைச் செய்தவர்கள் கீழ்மட்டத்து இந்தியச் சிப்பந்திகள். ஆனால் வசூல் குறையக் கூடாது என்ற கட்டளை மேலேயிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை தெரியும்.

அந்தக் குழு எப்படி அமைந்தது என்பது நம் கேள்விக்கு நேரடியான பாடம். 1852-இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி என்ற சென்னை வணிகர் மதராஸ் சுதேசி சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் மனு எழுதியது. கோட்டைக்கு அல்ல, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு. டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இங்கே வந்தபோது லட்சுமிநரசு செட்டி அவரை ஊர் ஊராக அழைத்துப் போய்க் காட்டினார். 1854-இல் லண்டனில் கேள்வி எழுந்த பிறகே மதராஸ் கவர்னர் குழு அமைத்தார். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒருவர் விரல் நசுங்கினால், அந்த வலி லண்டன் போய்த் திரும்பி வந்தால்தான் சென்னைக் கோட்டையில் கேட்டது.

திருப்பி அழைப்பது என்ற ஒரே தண்டனை

கவர்னருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய தண்டனை, பாதியில் ஊருக்குத் திருப்பி அழைக்கப்படுவது. மதராஸில் இதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்லலாம்.

1806-இல் வில்லியம் பெண்டிங்க் கவர்னராக இருந்தார். சிப்பாய்கள் புதுவிதத் தலைப்பாகை அணிய வேண்டும், பணியில் நெற்றிக் குறியும் கடுக்கனும் கூடாது, தாடி கூடாது என்று படைத் தலைமை விதி போட்டது. எதிர்த்தவர்களுக்குக் கசையடி. ஜூலை 10 அதிகாலை வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அன்றே ஆற்காட்டிலிருந்து வந்த படை அவர்களைக் கொன்று குவித்தது. 1807-இல் பெண்டிங்க் திருப்பி அழைக்கப்பட்டார். இருபத்தோரு வருடம் கழித்து அவரே கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார். பாடப் புத்தகத்தில் சதி ஒழிப்போடு வரும் பெண்டிங்க் இவர்தான்.

இரண்டாமவர் சார்லஸ் டிரெவெல்யன். 1860-இல் கல்கத்தா அரசு வருமான வரி கொண்டுவந்தபோது, மதராஸ் கவர்னரான அவர் அதை எதிர்த்தார். எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகையிலும் வெளியிட்டார். மக்கள் தரப்பில் அது நல்ல பேச்சாகவே பட்டது. உடனே பதவி போனது. ஆனால் அவரும் சில வருடங்களிலேயே வைஸ்ராய் சபையில் நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். மக்கள் ரத்தம் சிந்தியதற்கும் மேலதிகாரியை வெளிப்படையாக எதிர்த்ததற்கும் ஒரே தண்டனை. இரண்டும் தற்காலிகமானவை.

1858: கம்பெனி போய் அரசி வந்தபோது

1857 கிளர்ச்சிக்குப் பிறகு கம்பெனி ஆட்சி முடிந்தது. லண்டனில் இந்தியாவுக்கென்று ஓர் அமைச்சர் வந்தார். அவருடன் 15 பேர் கொண்ட ஆலோசனைச் சபை. அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்வார். ஆனால் அவருடைய சம்பளமும் அலுவலகச் செலவும் இந்தியர்களின் வரிப்பணத்திலிருந்து போயின, 1919 சட்டம் வரும்வரை. அதாவது கேள்வி கேட்கும் உரிமை பிரிட்டிஷ் வாக்காளருக்கு, சம்பளம் கொடுக்கும் கடமை இந்தியக் குடியானவருக்கு. தாதாபாய் நவுரோஜி வாழ்நாள் முழுக்க எண்களோடு வாதாடிய விஷயங்களில் இதுவும் ஒன்று.

இன்னொரு மாற்றம் தந்தி. 1870-இல் கடலடிக் கம்பி வழியாக லண்டனும் பம்பாயும் இணைந்தன. ஆறு மாதம் காத்திருந்த காலம் போய், சில மணி நேரத்தில் உத்தரவு வந்தது. மாகாண கவர்னரின் தன்னிச்சை சுருங்கியது. வைஸ்ராயும் லண்டனும் அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்றார்கள்.

அதன் பலனை 1876 முதல் 1878 வரை தென்னிந்தியா அனுபவித்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் முப்பாட்டன் பேசிய பஞ்சம் அது. மதராஸ் கவர்னர் பக்கிங்காம் கோமகன் தானியம் வாங்கிச் சேர்க்க முயன்றார். சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. செலவைக் குறைக்க ரிச்சர்டு டெம்பிள் அனுப்பப்பட்டார். இவர் சில வருடங்களுக்கு முன் பீகார்ப் பஞ்சத்தில் அரிசி இறக்குமதி செய்து உயிர்களைக் காத்தவர். அதிகம் செலவழித்தார் என்று திட்டும் வாங்கியவர். இந்த முறை அவர் கண்டிப்பானவராக வந்தார். நிவாரண வேலைக்கு வரும் ஆளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும், கல் உடைக்க வேண்டும். மதராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்ற மருத்துவர், இந்த அளவு ஆளைக் கொல்லும் என்று எழுதி எழுதி வாதாடினார். கொஞ்சம் ஏற்றினார்கள், தாமதமாக.

1877 ஜனவரி 1 அன்று, பஞ்சம் உச்சத்தை நெருங்கிய வேளையில், விக்டோரியாவை இந்தியப் பேரரசி என்று அறிவிக்க லிட்டன் தில்லியில் பெரிய தர்பார் நடத்தினார். தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. மூன்று வருடத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் மக்கள் இறந்தார்கள். யாரும் இதற்காக விசாரணைக் கூண்டில் நிற்கவில்லை. சென்னையில் ஓடும் பக்கிங்காம் கால்வாய் அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டி இணைக்கப்பட்டது. அதைக் கடக்கும்போது வெட்டியவர்களின் கூலி அளவையும் நினைத்துக்கொள்ளலாம்.

கோடை வந்தால் கோட்டை நிர்வாகம் உதகைக்கு ஏறிவிடும். கோப்புகள், செயலாளர்கள், சிப்பந்திகள் எல்லாம் மலைக்குப் போவார்கள், மாதக்கணக்கில். சமவெளியில் மழை இல்லை, கிணறு வற்றிவிட்டது என்ற செய்தியும் அங்கே போய்த்தான் கையெழுத்துப் பெற வேண்டும்.

கேள்வி கேட்டவர்கள்

இருபதாம் நூற்றாண்டில் கேள்விகள் பெருகின. 1917 ஜூனில் மதராஸ் கவர்னர் பென்ட்லண்ட், தன்னாட்சி கேட்டு ஹோம் ரூல் இயக்கம் நடத்திய அன்னி பெசன்ட்டை உதகையில் காவலில் வைத்தார். ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதினார். அதற்காகக் கண்டனம் வந்தபோது தம் சர் பட்டத்தைத் துறந்தார். நாடெங்கும் கூட்டங்கள். செப்டம்பரில் பெசன்ட் விடுதலை. இந்திய அமைச்சர் மான்டேகு லண்டனில் அப்போதுதான் படிப்படியான தன்னாட்சி பற்றி அறிவித்திருந்தார். கவர்னர் பணிந்தது அந்தச் சூழலுக்கு.

பஞ்சாபில் முடிவு வேறு மாதிரி. 1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ். ஜாலியன்வாலா பாகில் ஜெனரல் டயர் சுட உத்தரவிட்டார். அரசுக் கணக்கிலேயே 379 பேர் இறந்தார்கள். லெப்டினன்ட் கவர்னர் மைக்கேல் ஓ'டுவையர் அந்தச் செயலை ஆதரித்தார். வைஸ்ராய் சபையில் இருந்த சங்கரன் நாயர், மதராஸ் உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர், எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினார். பிறகு தாம் எழுதிய ஒரு நூலில் பஞ்சாபில் நடந்தவற்றுக்கு ஓ'டுவையரைப் பொறுப்பாக்கினார். ஓ'டுவையர் லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். 1924-இல் அங்கிருந்த ஜூரிகளில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஓ'டுவையர் பக்கம். சங்கரன் நாயர் 500 பவுண்டு இழப்பீடும் வழக்குச் செலவும் கட்ட வேண்டியதாயிற்று. நம் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

1930 மார்ச்சில், தண்டி யாத்திரைக்கு முன்பு, காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் சம்பளக் கணக்கையே எடுத்து வைத்தார். உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல், நாளுக்கு 700 ரூபாய். சராசரி இந்தியரின் வருமானம் நாளுக்கு இரண்டணாகூட இல்லை. ஐயாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம் என்று காட்டினார். உங்களைத் தனிப்பட்ட முறையில் குறை சொல்லவில்லை, இந்த அமைப்பைத்தான் சொல்கிறேன் என்பதையும் மரியாதையோடு சேர்த்திருந்தார்.

இரட்டையாட்சி, அப்புறம் 93-ஆம் பிரிவு

1919 சட்டம் மாகாண ஆட்சியை இரண்டாகப் பிரித்தது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை தேர்ந்தெடுக்கப்பட்ட சபைக்குப் பதில் சொல்லும் அமைச்சர்களிடம். நிதி, காவல், நிலவரி போன்றவை கவர்னரிடமும் அவருடைய நிர்வாகக் குழுவிடமும். பள்ளிக்கூடம் கட்டும் பொறுப்பு ஒருவருக்கு, பணப்பெட்டிச் சாவி இன்னொருவருக்கு. ஓட்டுரிமையும் சொத்தோ வரியோ இருந்தவர்களுக்கு மட்டும். சபை ஒரு செலவை வெட்டினால், தன் துறைக்கு அது அவசியம் என்று சான்றளித்து கவர்னர் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் குறுகிய இடத்திலும் மதராஸில் 1920 முதல் நீதிக்கட்சி அமைச்சரவைகள் வேலை செய்தன. சுப்பராயலு ரெட்டியார், அவருக்குப் பின் பனகல் அரசர். அரசு வேலையில் வகுப்புவாரிப் பங்கு பற்றிய 1921 ஆணை, கோயில் சொத்துகளைக் கண்காணிக்கும் சட்டம் எல்லாம் இக்காலத்தில் தொடங்கியவை. முதல் முறையாக மதராஸில் ஆட்சி செய்பவரை இங்கேயே கேள்வி கேட்க, ஒரு சிலருக்காவது, வழி பிறந்தது. இதன் அருமையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

1935 சட்டம் இரட்டையாட்சியை மாகாணத்திலிருந்து எடுத்துவிட்டது. எல்லாத் துறைகளும் அமைச்சர்களிடம். ஆனால் கவர்னருக்குத் தனிப்பொறுப்புகள் என்று ஒரு பட்டியலும், 93-ஆம் பிரிவும் வந்தன. அரசியலமைப்பு இயங்க முடியவில்லை என்று கவர்னர் கருதினால், முழு ஆட்சியையும் தாமே எடுத்துக்கொள்ளலாம். 1937 தேர்தலில் மதராஸில் காங்கிரஸ் பெருவெற்றி பெற்றும் உடனே பதவி ஏற்காததற்கு இதுவே காரணம். கவர்னர் அன்றாட ஆட்சியில் தலையிட மாட்டார் என்று உறுதி கேட்டார்கள். இடையில் சில மாதம் கே. வி. ரெட்டி நாயுடுவின் தற்காலிக அமைச்சரவை நடந்தது. வைஸ்ராய் லின்லித்கோ ஓரளவு சமாதானம் சொன்ன பிறகு ஜூலையில் ராஜாஜி பிரதமரானார். அப்போது மாகாண முதல்வரை அப்படித்தான் அழைத்தார்கள்.

1939 செப்டம்பரில் இந்தியத் தலைவர்கள் யாரையும் கேட்காமல் இந்தியா போரில் இறங்கிவிட்டதாக லின்லித்கோ அறிவித்தார். அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை விலகியது. 93-ஆம் பிரிவு உயிர்பெற்றது. 1946 ஏப்ரலில் பிரகாசம் அமைச்சரவை வரும்வரை, ஆறு வருடத்துக்கு மேல், மதராஸை கவர்னரும் சில ஆலோசகர்களும் ஆண்டார்கள். 1942 ஆகஸ்ட் போராட்டத்தின் கைதுகளும் தடியடியும் அந்த ஆட்சியில்தான். இருபது வருடமாகச் சிறுகச் சிறுக வந்த பொறுப்பாட்சி ஒரே கையெழுத்தில் நின்றுபோகும் என்பதை மக்கள் கண்ணால் கண்டார்கள்.

சுதந்திரம் வந்த நாளிலும் மதராஸ் கவர்னர் ஓர் ஆங்கிலேயர்தான், ஆர்ச்சிபால்டு நை. 1948-இல் அவர் போன பிறகு பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார சிங்ஜி வந்தார். அரசியல் நிர்ணய சபை முதலில் ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்று யோசித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரும் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்வரும் மோதிக்கொள்வார்கள் என்ற வாதம் 1949-இல் வென்றது. ஜனாதிபதி நியமிப்பார் என்று முடிவானது. 93-ஆம் பிரிவின் சாயலும் போகவில்லை. நியமிக்கப்பட்ட ஆளுநரின் அறிக்கையைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட மாநில அரசை நீக்க வழிசெய்யும் 356-ஆம் விதி அதன் வழிவந்தது. இப்போது அந்த அறிவிப்பை நாடாளுமன்றம் ஏற்க வேண்டும், 1994-இல் எஸ். ஆர். பொம்மை வழக்குக்குப் பிறகு நீதிமன்றமும் அதை ஆராயலாம்.